இடுப்பளவு

பாரிஸில் லா சப்பலில், ரூ லூயி-பிளாங் தெருவை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ரெலிபோன் கடைக்கும் மரக்கறிக் கடைக்கும் இடையில் நெருக்குப்பட்டு நிற்கிறது புனிதவதியின் தையல் கடை. 2014ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலிருந்து அங்கே சட்டை தைக்க வந்த பெண்கள் ஒரு புதினக் காட்சியைக் கண்டார்கள். கடையின் நடுவே கூரையைத் தாங்குகிற பழைய இரும்புத் தூண் ஒன்று உண்டு. அந்தத் தூணில் புனிதவதியின் புருசன் மடுத்தீன் தொங்கிக்கொண்டிருந்தார்.

பயப்பட ஒன்றுமில்லை, இடுப்பில்தான் தொங்கினார். பிள்ளையைப் போடுகிற ஏணைச் சீலை மாதிரி அகலமான ஒரு பட்டி அவருடைய பின்பக்கத்தையும் இடுப்பையும் அணைத்துப் பிடித்திருந்தது. பட்டியின் இரண்டு பக்கத்துக் கண்ணிகளையும் முன்னால் ஒரு குட்டைக் கயிறு இணைத்தது. அந்தக் கயிறு தூணைச் சுற்றிக் கட்டிய இன்னொரு கயிற்றில் கொழுவியிருந்தது. கால் இரண்டும் தூணோடு இறுக்கிய ஒரு சின்னத் தட்டில் நின்றன. நிலத்திலிருந்து அரை மீற்றர் உயரம்கூட இல்லை. பின்னுக்குச் சாய்ந்து, முழங்காலைத் தூணில் முட்டுக்கொடுத்து, கையில் பிளேன்ரீயும் வைத்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் அளவு கொடுத்துவிட்டு வெளியே வருகிற பெண்களுக்கு அவர் மரியாதையாகத் தலையசைத்தார்.

அண்ணையை ஏன் கட்டிப் போட்டிருக்கிறியள் என்று கேட்டவர்களுக்கு, இருபத்தைஞ்சு வரியமாய் அவிழ்த்துவிட்டுத்தான் பார்த்தேன், சரிவரவில்லை என்று புனிதவதி சொல்வாள். சிரிப்பு அடங்கியதும் மடுத்தீன், அது கட்டில்லைப் பிள்ளை, வேட்டைக்கு என்று விளக்கம் சொல்லத் தொடங்குவார். தொடங்கினால் இலேசில் விடமாட்டார். ஒரு சட்டைக்குக் கொளுக்கி வைக்க வந்த பெண் காட்டுப் பன்றியின் மூக்கைப் பற்றி முழுக்கத் தெரிந்துகொண்டுதான் வீட்டுக்குப் போவாள்.

மடுப் பக்கத்துக் காட்டோரத்தில் பிறந்த மனிதருக்கு வேட்டை இரத்தத்தில் ஊறியிருந்ததில் புதுமை இல்லை. ஆனால் பிரான்சுக்கு வந்து இருபத்துநாலு வருசமாக அவர் பிடித்ததெல்லாம் ருவாசி விமான நிலையத்தில் மற்றவர்களுடைய பெட்டிகளின் காதைத்தான். குடியிருந்தது கூசேன்வில்லில். தலைக்கு மேலே விமானம், வேலையிலும் விமானம். அங்கே மாதா கோயிலில், பூசை முடிந்து நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் லூசியனைச் சந்தித்தார். லூசியன் புதுச்சேரிக்காரர், தபால் கந்தோரில் இருந்து பென்சன் எடுத்தவர், வில்லும் அம்பும் கொண்டு வேட்டைக்குப் போகிறவர். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. மகள் மிருணாளினி மூன்று மாதம் பக்கத்தில் இருந்து படிப்பிக்க, வேட்டைப் பரீட்சையை இரண்டாம் தரத்தில் பாஸ் பண்ணினார். பெறுபேறு வந்த அன்று தாளைக் கொண்டுபோய் வேலையிடத்தில் எல்லோருக்கும் காட்டினார்.

வில் வேட்டைக்குப் பன்றி கிட்ட வரவேணும். அதற்கு மரத்தில் ஐந்தாறு மீற்றர் உயரத்தில், நாலைந்து மணித்தியாலம் இருமல்கூட இல்லாமல் இருக்கவேணும். முந்தியெல்லாம் இரும்பு இருக்கையைச் சுமந்துகொண்டு போனார்கள். இப்போது இந்தப் பட்டி வந்துவிட்டது, சுருட்டினால் ஒரு பைக்குள் அடங்கும். பிரெஞ்சில் ஆர்னே என்றார்கள், புனிதவதியும் அப்படியே சொல்லிப் பழகினாள். ஒரே ஒரு கரைச்சல், அது இடுப்பைக் கவ்வியது. அரை மணித்தியாலம் தொங்கினால் இரண்டு பக்கத்து எலும்பையும் குறட்டால் பிடித்த மாதிரி இருக்கும் என்றார் மடுத்தீன்.

லூசியன் அதற்கு ஒரு பாடமே நடத்தினார். பட்டி இடுப்பில் நிற்கக்கூடாது, கீழே இறக்கிப் பின்பக்கத்துக்கு அடியில் பிடிக்கவேணும். முன்கயிறு குட்டையாக இருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து நெரிக்கும், நீட்டிவிட்டால் விரியும். மரத்துக் கயிற்றை நெற்றி உயரத்தில் கட்டினால் இருக்கலாம், நெஞ்சு உயரத்தில் கட்டினால் சாயலாம். தொடைப்பட்டியை இளக்கி விடவேணும். உடம்புக்கு உடம்பு வித்தியாசம், ஆகவே நிலத்துக்குக் கிட்டவாகக் கட்டி, வேட்டைக்குப் போடுகிற உடுப்போடு மணிக்கணக்காகத் தொங்கிப் பார்த்துத்தான் தன் அளவைக் கண்டுபிடிக்கவேணும். புனிதவதியின் தூணுக்கு அந்த வேலை வந்தது இப்படித்தான்.

பட்டியைக் கண்டதும் அவளுக்குக் கை பரபரத்தது. கத்தரிக்கோலை எடுத்தவளை லூசியன் தடுத்தார்.

"அதுல மட்டும் கை வெக்காதீங்க மதாம். ஆளு தொங்குற பட்டி. ஒரு இழை வெட்டுனாலும் உசுருக்கு ஆபத்து. உள்ளாற மெத்தை வெச்சுக் குடுங்க, அது போதும்."

அவள் உள்ளே மெத்தை வைத்தாள். கோட்டுத் தோளுக்கு வைக்கிற பஞ்சை அடுக்கி, மேலே வழுக்காத துணி போட்டு, பட்டியோடு ஒட்டிக் கழற்றக்கூடிய மாதிரித் தைத்துக் கொடுத்தாள். முன்கயிற்றை ஒரு சாண் நீட்டினார்கள். வலப்பக்கம் சுகமாகிவிட்டது. இடப்பக்கம் சுகமாகவில்லை. கிழமைக்கு ஒருதரம் அவர் தொங்குவார், அவள் முழங்காலில் நின்று அளவுநாடாவைப் பிடிப்பாள், மெத்தையைப் பிரித்து இன்னொரு தரம் வைப்பாள். அடுத்த கிழமை அதே நோ.

புனிதவதிக்கு ஒரு தொழில் முறை இருந்தது. இருபது வருசமாக அதை அவள் மீறவில்லை. வாடிக்கையாளரின் உடம்பைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. போன வருசச் சட்டை இந்த வருசம் பூட்டுப்படவில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிற பெண்ணிடம், தோய்த்ததில் துணி சுருங்கிப்போச்சு பிள்ளை, பிரிச்சு விடுறன் என்பாள். நோய் வருத்தத்தில் கிடந்து எழும்பி, சட்டை தோளில் வழிகிற பெண்ணிடம், இந்தத் துணி இளகிற சாதி என்பாள். குற்றம் எப்போதும் துணிக்குத்தான். அதனாலேயே அவளைத் தேடி நோய்சியிலிருந்தும் திரான்சியிலிருந்தும் வந்தார்கள். தன் புருசனின் இடுப்பளவு சித்திரையில் முப்பத்தொன்பதாக இருந்தது வைகாசி முடிய முப்பத்தேழரைக்கு வந்தபோது அவள் சந்தோசப்பட்டாள். காடு நடந்து வண்டி வயிறு வத்திட்டுது என்று லூசியனிடம் பெருமையாகச் சொன்னாள். அந்தச் சொல்லைப் பிற்பாடு நினைத்தபோதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும்.

ஆனி மாதம் வேலையில் ஒரு பெட்டியைத் தூக்கின இடத்திலே மடுத்தீன் விழுந்தார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ஊசி விட்டு எலும்பில் துண்டு எடுத்தார்கள், இரண்டு கிழமை கழித்து வரச்சொன்னார்கள். அந்த நாளில் மிருணாளினி கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். இருபத்துமூன்று வயது, இங்கே பிறந்தவள். கடுதாசி, கந்தோர், டொக்டர் எதுவென்றாலும் வீட்டுக்கு அவள்தான் வாய். அப்பா மலகூடத்துக்குப் போன சமயம் பார்த்து, நடையில் வைத்துத் தாய் மகளின் கையைப் பிடித்தாள்.

"நல்ல செய்தியெண்டால் அப்பிடியே சொல்லு பிள்ளை. கூடாததெண்டால் எலும்புத் தேய்வெண்டு சொல்லு. மற்றது எங்களோட இருக்கட்டும்."

மிருணாளினி பிரெஞ்சில் படபடவென்று ஏதோ சொன்னாள். தாய்க்கு விளங்கவில்லை என்று கண்டு தமிழுக்கு வந்தாள். "அம்மா, பெரியப்பா மறைச்சதுக்கு அப்பா என்ன செய்தவர்? நீங்களும் அதையேதானே செய்யச் சொல்லுறியள்."

பெரியப்பா என்றது மடுத்தீனின் தமையன் அரியரத்தினத்தை. திரான்சியில் இருக்கிறார். 2009ஆம் ஆண்டு சித்திரையில், அவர்களுடைய தாய் வன்னியில் ஷெல் விழுந்து செத்த செய்தி முதலில் அவருக்குத்தான் வந்தது. மடுத்தீன் அப்போது முதுகு பிடித்து, ஒப்பரேசன் செய்து படுத்திருந்தார். எழும்பி நடக்கட்டும், சொல்லலாம் என்று தமையன் நினைத்தார். நடந்தபிறகு, இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று நினைத்தார். இப்படியே இரண்டு மாதம் போய்விட்டது. அந்த இரண்டு மாதமும் மடுத்தீன் ஊன்றுகோலோடு கோயிலுக்குப் போய், பெத்த ஆச்சியை உயிரோடு காட்டு மாதாவே என்று தினமும் மெழுகுதிரி கொளுத்தினார். உண்மை தெரிந்த அன்று, செத்த மனுசிக்கு என்னை உயிர்ப்பிச்சை கேட்க வைச்சிட்டான் என்றார். அதற்குப் பிறகு தமையனோடு ஒரு சொல் இல்லை. ஐந்து வருசத்தில் இரண்டு கலியாணமும் ஒரு செத்தவீடும் வந்தன. இருவரும் ஒரே மண்டபத்தில் வேறு வேறு மூலையில் இருந்தார்கள்.

இதெல்லாம் புனிதவதிக்குத் தெரியாததல்ல. மடுத்தீன் வேறு எதையும் பொறுப்பார், மறைத்ததைப் பொறுக்கமாட்டார். தெரிந்தும் அவள் மகளின் கையை விடவில்லை. சொன்னால் அந்த இடத்திலேயே மனிதர் ஒடிந்துபோவார் என்று பயந்தாள். தாயின் பிடி இறுகியதில் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டொக்டர் ஒரு பெண். மடுத்தீனின் முகத்தைப் பார்த்து, ஆறுதலாக, பத்து நிமிடம் பேசினார். மடுத்தீன் வேலைத்தலத்தில் மேலாளருக்கு ஆட்டுவதுபோல் "உய், உய்" என்று ஓம் போட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். புனிதவதிக்கு முழுக்க விளங்காவிட்டாலும் விளங்கவேண்டிய ஒரு சொல் விளங்கியது. அது எந்தப் பாசையிலும் ஒன்றுதான். டொக்டர் முடித்ததும் மிருணாளினி தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, இடுப்பெலும்பு தேஞ்சிருக்காம். எக்ஸ்ரே மாதிரிக் கதிர் பிடிக்கவேணுமாம்."

"அவ்வளவுதானே," என்றார் மடுத்தீன். எழும்பி டொக்டருக்குக் கை கொடுத்தார்.

பிறகு தனியாகப் போய்க் கேட்ட மகளுக்கு டொக்டர் மிச்சத்தையும் சொன்னார். வேறெங்கோ தொடங்கி எலும்புக்கு வந்துவிட்டது. நோவைக் குறைக்கலாம், மாற்ற முடியாது. ஆறேழு மாதம்.

அதற்குப் பிறகுதான் புனிதவதியின் கை ஓயாமல் தைத்தது. வருத்தக்காரன் முதலில் தன் உடுப்பில்தான் தன் வருத்தத்தைக் காண்பான் என்று அவளுக்குத் தெரியும். அவர் குளிக்கப் போன நேரங்களில் காற்சட்டை இடுப்பைப் பிரித்து அரை இஞ்சி அரை இஞ்சியாகப் பிடித்தாள். ஒரேயடியாகப் பிடித்தால் தெரிந்துவிடும். சேர்ட்டின் கழுத்துப் பொத்தானை நகர்த்தினாள். வீட்டில் இருந்த நிறுக்கிற மெசினைப் பழுதென்று சொல்லி எறிந்தாள். ஆனால் பெரிய வேலை ஆர்னேயில்தான் இருந்தது. அதன் இடுப்புப் பட்டியை இழுத்து இறுக்க இறுக்க, மிஞ்சிய வால் நீண்டுகொண்டே வந்தது. எவ்வளவு சதை போனதோ அவ்வளவு வால். வெட்டக்கூடாது என்று லூசியன் சொன்னதால் வெட்டவில்லை. பட்டி முந்தி நின்ற தழும்பிலேயே பூட்டுப்படவேணும் என்று, குறைந்த சதைக்குப் பதில் உள்ளே பஞ்சை வைத்தாள். ஆடியில் ஒரு அடுக்கு, ஆவணியில் இன்னொன்று. கோடைச் சூட்டில் கடைக்குள் இஸ்திரிக்கை ஆவி முகத்தில் அடிக்க, மற்றப் பெண்களின் சட்டைகளை ஒதுக்கிவிட்டு அதையே தைத்துக்கொண்டிருந்தாள்.

வேலைக்கு லீவெழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் தனியே இருக்கப் பிடிக்காமல் மடுத்தீனும் அவளோடு ரெயின் எடுத்து லா சப்பலுக்கு வந்துவிடுவார். கார் து நோர் ஸ்டேசனில் இறங்கி நடக்கிற பத்து நிமிட நடை இருபதாகி, அரை மணித்தியாலமாகியது. கடைக்கு வந்ததும் தூணைப் பார்ப்பார். வியப்பு என்னவென்றால், ஆர்னே சரியாகப் பிடித்தால் கதிரையைவிடத் தூணில்தான் அவருக்குச் சுகம். இடுப்புப் பாரம் கயிற்றுக்குப் போய்விடும். அப்படியே கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார். புதன்கிழமைகளில் புனிதவதி கடையைக் கொஞ்சம் பிந்தித் திறந்துவிட்டு அளவு பார்ப்பாள். அந்த நேரம் அவர் தவறாமல் ஒன்று கேட்பார்.

"புனிதம், ஏன் எனக்கு இடப்பக்கம் நோகுது?"

"விளிம்பு உள்ளுக்கு மடிஞ்சுபோய்க் கிடக்கு. வைச்சுத் தைச்சு விடுறன்."

"துணிதானோ?"

"துணிதான்."

அவர் கொஞ்ச நேரம் அவளுடைய உச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, சரி, கெதியாய்த் தைச்சுவிடு என்பார். அடுத்த புதனும் அதே கேள்வி. ஒரு மாதிரித் தப்பிவிட்டோம் என்று புனிதவதி ஒவ்வொரு புதனும் மூச்சு விட்டாள்.

லூசியனிடம் மறைக்க முடியவில்லை. மரத்தில் ஏற்றுகிறவர் அவர். விசயத்தைக் கேட்டுவிட்டு மனிதர் தொப்பியைக் கழற்றிக் கடைக் கதிரையில் இருந்துவிட்டார். அவர் ஒண்ணும் கொயந்தை இல்ல மதாம், சொல்லிடுங்க என்றார். இந்தச் சீசன் முடியட்டும், அந்த ஆசையாவது நிறைவேறட்டும், பிறகு சொல்லுறன் என்றாள் புனிதவதி. மடுத்தீனின் தமையன் நினைத்த அதே பிறகு. அது அவளுடைய காதில் அப்போது விழவில்லை.

புரட்டாதியில் வேட்டை திறந்தது. லூசியன் இரண்டு தரம் கூட்டிப்போனார். மூன்று மீற்றருக்கு மேல் ஏற்றவில்லை. இரண்டு தரமும் மடுத்தீன் ஒன்றும் எய்யவில்லை, ஆனால் முகம் தெளிந்து வந்தது. இப்பதான் ஆர்னே என்ர உடம்போட ஒட்டி நிக்குது, உன்ர கைக்குத் தங்கக் காப்புப் போடவேணும் என்றார். புனிதவதி அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். லூசியன் தன் பங்குப் பன்றி இறைச்சியைக் கொடுத்துவிட்டிருந்தார். மிளகு கூடப் போட்டுப் பிரட்டலாய்க் காய்ச்சி, இடியப்பத்தோடு வைத்தாள். நல்லாயிருக்கு நல்லாயிருக்கு என்று சொல்லிச் சொல்லி இரண்டு துண்டு தின்றார். பிறகு குளியலறைக்குள் போய்ச் சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தி எடுத்தார். வெளியில் அவள் ரீவியைக் கூட்டி வைத்தாள். ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் தண்ணீரைத் திறந்துவிட்டு எத்தனை நாளைக்குச் சீவிக்கலாம்.

ஐப்பசியில் மோர்பின் ஒட்டுத்துண்டு வந்தது. படி ஏறமுடியவில்லை. இடுப்பளவு முப்பத்தொன்று. கார்த்திகையில், ஒரு செவ்வாய்க்கிழமை, கஞ்சிக் கோப்பையை நகர்த்திவிட்டு மடுத்தீன், ஒருக்கா காட்டுக்குப் போகவேணும், நீயும் வா என்றார். அவளை அவர் ஒருநாளும் காட்டுக்குக் கூப்பிட்டதில்லை. லூசியனுக்குச் சொன்னார்கள்.

கூசேன்வில்லிலிருந்து வடக்கே அரை மணித்தியாலக் கார் ஓட்டம். காலை ஒன்பது மணியாகியும் பனிப்புகார் விலகவில்லை. காரை மரத்துக்குக் கிட்டக் கொண்டுபோக லூசியன் காட்டுக்காரனிடம் தனியாக அனுமதி வாங்கியிருந்தார். வில்லைக் கொண்டுவரவில்லை, மடுத்தீனும் அதைக் கேட்கவில்லை. ஒரு பெரிய மரத்தில், நிலத்திலிருந்து அரை மீற்றர் உயரத்தில், லூசியன் தட்டைக் கட்டி, நெற்றி உயரத்தில் கயிற்றைச் சுற்றினார். இரண்டு பேருமாகப் பிடித்து அவரை ஏற்றினார்கள். பட்டியை இழுத்து, பின்பக்கத்துக்குக் கீழே இறக்கி, தொடைப்பட்டியை இளக்கி, முன்கயிற்றை அளந்து விட்டாள் புனிதவதி. அவர் சாய்ந்தார். பாரம் கயிற்றுக்குப் போனதும் முகத்தில் இருந்த சுருக்கம் ஒவ்வொன்றாக விட்டது.

"மெசியே, நான் அந்தப் பக்கம் கால்தடம் பார்த்துட்டு வரேன்," என்று லூசியன் நடந்துபோனார்.

இலைகள் ஈரமாக விழுந்துகொண்டிருந்தன.

"நோகுதோ?" என்று கேட்டாள்.

"இல்லை. வடிவாயிருக்கு." அவர் இடுப்பில் மெத்தையைத் தொட்டார். "எவ்வளவு பஞ்சு வைச்சிருக்கிறாய் புனிதம்? என்ர சதை எவ்வளவு போச்செண்டு இதைத் தடவிப் பாத்தாலே தெரியும்."

அவள் வழக்கமான சொல்லைத் தேடினாள். "அது, துணி ஒருமாதிரி..."

"துணியை விடு," என்றார். கோபமில்லாத குரல். "பிரெஞ்சில வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணினவன் நான். கதிர் பிடிக்கிற வாசல்ல என்ன எழுதியிருக்கெண்டு எனக்கு வாசிக்கத் தெரியாதோ? டொக்டர் என்ர முகத்தைப் பாத்துத்தான் சொன்னவ. அண்டைக்கே எனக்கு விளங்கினது. ஆடி மாசம் பேந்தும் தனியப் போய், எவ்வளவு காலமெண்டு கேட்டனான். அதையும் சொன்னவ."

புனிதவதி மரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆனியிலிருந்து கார்த்திகை வரைக்கும் தைத்த ஒவ்வொரு தையலும் அந்த இடத்திலே பிரிந்து போனது.

"தெரிஞ்சால் ஏனப்பா என்னட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டனானே. கிழமைக்குக் கிழமை கேட்டனான், ஏன் நோகுதெண்டு. இண்டைக்குச் சொல்லுவாள், இண்டைக்குச் சொல்லுவாள் எண்டு உன்ர உச்சியைப் பாத்துக்கொண்டு நிண்டனான். நீ துணியெண்டு சொன்னாய். சட்டை தைக்க வாற ஆக்களுக்குச் சொல்லுற மாதிரி."

அவள் நிலத்தில் குந்திவிட்டாள். அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. ஐந்து வருசம் மண்டபத்தின் மற்ற மூலையில் இருந்த அரியரத்தினத்தின் முகம் வந்தது.

"உங்கட அண்ணை செய்ததைத்தான் நானும் செய்துபோட்டன்," என்றாள். "என்னோடையும் கதையாமல் விடப்போறியளோ?"

மடுத்தீன் கயிற்றைப் பிடித்தபடி அவளைக் குனிந்து பார்த்தார்.

"அண்ணையோட அஞ்சு வரியம் கோவிச்சுக்கொண்டு இருந்தனான். உன்னோட கோவிக்க எனக்கு வரியம் இல்லைப் புனிதம்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவர் அவளை எழும்பச் சொன்னார். எழும்பி வந்து அவருடைய முழங்காலில் நெற்றியை வைத்தாள். அந்தக் காற்சட்டைக்குள் எலும்பு மட்டும்தான் இருந்தது.

"இப்ப சொல்லு," என்றார். "எனக்குத் தெரியும். எண்டாலும் உன்ர வாயால சொல்லு. டொக்டர் பிரெஞ்சில சொன்னதைத் தவிர ஒருத்தரும் எனக்கு அதைத் தமிழில சொல்லேல்லை."

அவள் சொன்னாள். எங்கே தொடங்கியது, எப்படி எலும்புக்கு வந்தது, ஏன் மாற்ற முடியாது, மாசி மாதத்தைக் காணமாட்டியள் என்று சொன்னது, எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். மடுத்தீன் முதல்தரம் கேட்கிறவர்போல் காது கொடுத்துக் கேட்டார். நடுவில் ஒருதரம், மிருவும் பாவம், சின்னப் பிள்ளை, அவளின்ர தலையில இதை வைச்சிட்டம் என்றார். சொல்லி முடித்தபோது புகார் கொஞ்சம் விலகியிருந்தது.

"ஒருத்தன் மற்றவனைக் காப்பாத்தத்தான் மறைக்கிறான். அது எனக்கு உன்னைப் பாத்துத்தான் விளங்கினது. நீ தைச்சுத் தைச்சு மெலிஞ்சதைப் பாத்துத்தான். அண்ணையும் அந்த ரெண்டு மாசம் இப்பிடித்தான் கிடந்திருப்பார். எடு போனை. அவருக்கு அடி."

அரியரத்தினம் எடுத்தார். அத்தான், நான் புனிதவதி, உங்கட தம்பி கதைக்கவேணுமாம் என்று சொல்லி அவள் போனை மடுத்தீனின் காதில் வைத்தாள். மடுத்தீன் "அண்ணை" என்றார். காட்டில் ஒரு வயதுபோன மனிதர் மரத்தில் தொங்கிக்கொண்டும், திரான்சியில் இன்னொருவர் எங்கேயோ நின்றுகொண்டும் விம்மி விம்மி அழுதார்கள். பக்கத்தில் நின்று போனைப் பிடித்திருந்தவளுக்குக் கை கடுத்தது, மாற்றிப் பிடித்துக்கொண்டாள். கால்தடம் பார்க்கப் போன லூசியன் தூரத்திலே நின்றுவிட்டார்.

அரியரத்தினம் அன்று பின்னேரமே கூசேன்வில்லுக்கு வந்தார். அதற்குப் பிறகு ஏழு கிழமை. ஒவ்வொரு நாளும் வந்தார், தம்பியின் காலைத் தடவிக்கொண்டு கட்டிலடியில் இருந்தார். மிருணாளினி அப்பாவுக்குப் பக்கத்தில் படுத்து, பிரெஞ்சும் தமிழுமாக இரண்டு பேரும் ஏதேதோ கதைத்தார்கள். ஒரு நாள் சிரித்தார்கள்கூட. யாரைக் கூப்பிடவேணும், எந்தப் பாட்டுப் படிக்கவேணும் என்று அவரே சொன்னார். புனிதவதி கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தாள். அந்த ஏழு கிழமையும் எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவுக்கு அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அதற்கு முந்தின ஐந்து மாதமும் இப்படி இருந்திருக்கலாம். அவர் கடைசி மட்டும் அதைச் சொல்லிக் காட்டவில்லை, அவளுக்குத்தான் கணக்குத் தெரிந்திருந்தது. தைப் பொங்கலுக்கு முதல் நாள், தமையன் தண்ணீர் பருக்கிக்கொண்டிருக்கையில், மடுத்தீன் போய்ச் சேர்ந்தார்.

செத்தவீட்டுக்கு லா சப்பல் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். அவள் மறைத்த கதை எப்படியோ பரவியிருந்தது. பெட்டிக்கு அருகில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல காரியம் செய்தியள் அக்கா, ஒண்டும் தெரியாமல் நிம்மதியாய்ப் போயிட்டார், எல்லாருக்கும் இப்பிடிப் பெண்சாதி வாய்க்காது என்று ஒருத்தி சொன்னாள். தெரியும், அவருக்கு எல்லாம் தெரியும் என்றாள் புனிதவதி. அந்தப் பெண் பாவம் பார்த்து அவளுடைய முதுகைத் தடவிவிட்டுப் போனாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும் சொன்னாள். ஒவ்வொருத்திக்கும் அவள் அதையே திருப்பிச் சொன்னாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள்.

கடைசியில் ஒருத்தி, தைரியமானவள், தெரிஞ்சிருந்தும் உங்களுக்குக் காட்டாமல் இருந்தவரோ அக்கா என்று கேட்டாள். புனிதவதி பெட்டியில் கிடந்த முகத்தைப் பார்த்தாள்.

"ஓம் பிள்ளை," என்றாள். "அஞ்சு மாசம், தனியத் தெரிஞ்சுகொண்டிருந்தவர்."